130 நாள் முதல்வர்: தண்டனை பெற்றவர் பதவியேற்ற 2001 வழக்கு

2001 ஏப்ரலில் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு தொகுதிகளில் ஜெயலலிதா வேட்புமனு தாக்கல் செய்தார். பரிசீலனையில் நான்குமே தள்ளுபடியாயின. ஊழல் வழக்கில் தண்டனை பெற்றவர் என்பது முக்கியமான காரணம். இரண்டு தொகுதிகளுக்கு மேல் மனு போட்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதம் 14ஆம் தேதி அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றார். எம்.எல்.ஏ. ஆவதற்கே தகுதியில்லை என்று சட்டம் நிறுத்திவைத்த ஒருவர், எம்.எல்.ஏ.க்களுக்கெல்லாம் தலைவராகி ஆட்சி நடத்தத் தொடங்கினார்.

அந்த ஆட்சி 130 நாட்கள் நடந்தது. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தப் பதவியேற்பே செல்லாது என்று தீர்ப்பளித்தது. பி.ஆர். கபூர் எதிர் தமிழ்நாடு அரசு என்பது வழக்கின் பெயர். குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் தேர்தலில் நிற்கலாமா, பதவிக்கு வரலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் நான் இந்த வழக்குக்குத்தான் திரும்பிப் போகிறேன். இரு தரப்பின் மிக வலுவான வாதங்களும் இதில் இருக்கின்றன. தீர்ப்பு சரியாக இருந்தும் தீராமல் போன ஒரு குறையும் இருக்கிறது.

கிண்டி நிலமும் இரண்டு தீர்ப்புகளும்

தமிழ்நாடு சிறுதொழில் கழகம் அரசு நிறுவனம். சுருக்கமாக டான்சி. அதற்குச் சொந்தமாகக் கிண்டியில் இருந்த நிலத்தை 1992இல் ஜெயா பப்ளிகேஷன்ஸ், சசி எண்டர்பிரைசஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் வாங்கின. அவற்றில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவும் சசிகலாவும் பங்குதாரர்கள். அரசின் சொத்தை அரசின் தலைவரே வாங்கினார், அதுவும் குறைந்த விலைக்கு வாங்கினார் என்பதுதான் குற்றச்சாட்டு.

2000 அக்டோபர் 9 அன்று சென்னைத் தனி நீதிமன்றம் இரண்டு வழக்குகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. ஒன்றில் மூன்று ஆண்டு கடுங்காவல், பத்தாயிரம் ரூபாய் அபராதம். மற்றதில் இரண்டு ஆண்டு, ஐயாயிரம் ரூபாய்.

இந்த ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு, எந்தக் குற்றமானாலும் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை கிடைத்தால் அன்றிலிருந்தே தகுதியிழப்பு என்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் ஆறு ஆண்டுகளுக்கு அது தொடரும். அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொடைக்கானல் ப்ளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை கிடைத்திருந்தது. அன்று நடந்த கலவரத்தில்தான் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று வேளாண் கல்லூரி மாணவிகள் உயிரிழந்தார்கள். அவ்வளவு பெரிய கொடுமைக்குக் காரணமாகிப்போன அந்தத் தீர்ப்பு, அவருடைய தேர்தல் தகுதியைத் தொடவேயில்லை. ஓராண்டு என்பது இரண்டாண்டுக்குக் குறைவு, அவ்வளவுதான் காரணம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் குற்றவாளி என்றாலே, வெறும் அபராதமானாலும் தகுதியிழப்பு என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது.

டான்சி தீர்ப்பை எதிர்த்து ஜெயலலிதா சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். 2000 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றம் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டது நடக்கவில்லை. சிறைக்குப் போக வேண்டாம் என்பது வேறு, குற்றவாளி என்ற முடிவு விலகுவது வேறு. வழக்கு முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நின்றது.

மே 13 முதல் மே 14 வரை

மே 10 அன்று வாக்குப்பதிவு. மே 13 அன்று எண்ணிக்கை. 234 தொகுதிகளில் அ.தி.மு.க. மட்டும் 132 இடங்கள் பிடித்தது. கூட்டணியோடு சேர்த்தால் 196. ஆளும் கட்சியாக இருந்த தி.மு.க.வுக்கு 31. இவ்வளவு தெளிவாக ஒரு மாநிலம் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்ட பிறகு, ஆளுநர் என்ன செய்திருக்க வேண்டும்?

ஆளுநராக இருந்தவர் பாத்திமா பீவி. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர். பெரும்பான்மைக் கட்சி ஒருமனதாக ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவரை அழைப்பது என் கடமை என்ற வழியில் அவர் போனார். அரசியல் சாசனத்தின் 164(4) பிரிவு, சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் ஜெயலலிதா உள்ளே வந்தார்.

மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், அப்புறம் நீதிமன்றத்துக்கு இதில் என்ன வேலை? டீக்கடையிலும் இந்தக் கேள்விதான், உச்ச நீதிமன்றத்திலும் இந்தக் கேள்விதான். இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். தண்டனை பற்றிய செய்தி தெரியாமல் யாரும் வாக்களிக்கவில்லை. வேட்புமனு தள்ளுபடியானது மாநிலம் முழுக்கத் தெரியும். தெரிந்தும் அவர் கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்களுடைய மன்னிப்பு என்று ஒன்று இருக்குமானால், அது இதுதான்.

ஆனாலும் அந்த வாதம் ஓர் இடத்தில் இடறுகிறது. வாக்காளருக்கு முன்னால் இருப்பது வேட்பாளர் பட்டியல், கட்சி, விலைவாசி, ஐந்தாண்டுக் கோபம். கிண்டி நிலத்தின் ஆவணங்களையோ சாட்சிகளின் வாக்குமூலத்தையோ அவர் பார்த்து வாக்களிப்பதில்லை. 1996இல் பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்தத் தோல்வியை வைத்து டான்சி குற்றச்சாட்டு நிரூபணமானது என்று யாராவது சொன்னால் ஏற்போமா? தோல்வி குற்றத்தை நிரூபிக்காது என்றால், வெற்றியும் அதைத் துடைக்காது.

உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி

நீதிபதி பரூச்சா தலைமையிலான அமர்வு. பட்நாயக், சபர்வால், ரூமா பால், பிரிஜேஷ் குமார் ஆகியோர் மற்ற நான்கு பேர். மனுதாரர்கள் கேட்டது கோ-வாரண்டோ பேராணை. ‘எந்த உரிமையில் இந்தப் பதவியில் அமர்ந்திருக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். ஆளுநரை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது, சாசனம் அவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. அவரால் நியமிக்கப்பட்டவரைக் கேட்கலாம். இப்படித்தான் வழக்குக்கு வழி கிடைத்தது.

ஜெயலலிதா தரப்பு வாதத்தின் சாரம்: 164(4) பிரிவில் தகுதி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாத நிபந்தனையை நீதிமன்றம் உள்ளே எழுதக்கூடாது. பெரும்பான்மை யாரைக் காட்டுகிறதோ அவரை ஆளுநர் அழைத்தே ஆக வேண்டும்.

நீதிபதிகள் அந்த வாதத்தை அதன் கடைசி எல்லை வரை இழுத்துப் பார்த்தார்கள். அப்படியானால் இந்தியக் குடிமகனே இல்லாத ஒருவரை, வயது நிரம்பாத ஒருவரை, மனநலம் குன்றியவர் என்று அறிவிக்கப்பட்டவரை, திவாலானவரைப் பெரும்பான்மைக் கட்சி காட்டினாலும் ஆளுநர் முதல்வராக்க வேண்டுமா? ஆமாம், அவர்களை நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலோ அடுத்த தேர்தலிலோதான் நீக்க முடியும் என்ற பதில் வந்தது. அந்தப் பதிலிலேயே வாதம் உடைந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். 25 வயது நிரம்பாதவர் முதல்வராகலாம், எம்.எல்.ஏ. ஆகக்கூடாது என்று எந்தச் சாசனமும் சொல்ல நினைத்திருக்காது.

ஆறு மாத அவகாசம் எதற்கு? அதற்குள் தேர்தலில் நின்று ஜெயித்து அவைக்குள் வருவதற்கு. நிற்கவே முடியாதவருக்கு அந்த அவகாசத்தில் வேலையில்லை. ஆகவே பதவியேற்கும் நாளிலேயே உறுப்பினராவதற்குரிய தகுதி இருக்க வேண்டும், தகுதியிழப்பு இருக்கக்கூடாது என்றது அமர்வு. இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவர் முதலமைச்சராக நியமிக்கப்பட முடியாது, நீடிக்கவும் முடியாது. மக்கள் தீர்ப்பு என்ற வாதத்துக்கும் நேரடியாகப் பதில் சொன்னது: மக்களின் விருப்பம் சாசனத்துக்கு உட்பட்டுத்தான் செல்லும்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா? கீழ்நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னவுடன், நிரபராதி என்ற அனுமானம் அங்கேயே முடிந்துவிடுகிறது என்றார்கள் நீதிபதிகள். பின்னால் விடுதலையானால் அது முன்தேதியிட்டு எல்லாவற்றையும் துடைக்கும். ஆனால் அந்த நாள் வரும் வரை தீர்ப்பு தீர்ப்புதான்.

இன்னொன்றும் செய்தார்கள், அது அவசியமான வேலை. அந்த 130 நாட்களில் ஜெயலலிதா முதல்வராகச் செய்தவை, மற்றபடி சட்டப்படி சரியானவை என்றால், இந்தத் தீர்ப்பால் பாதிக்கப்படாது என்றார்கள். இல்லையென்றால் நான்கு மாத அரசாணைகள், நியமனங்கள், செலவுகள் எல்லாமே கேள்விக்குள்ளாகியிருக்கும். அன்றே ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால்

இங்கேதான் என் மனம் தங்குகிறது. தீர்ப்பு வந்த செப்டம்பர் 21இல், 164(4) கொடுத்த ஆறு மாதம் முடிய 53 நாட்கள்தான் பாக்கி. நவம்பர் 13உடன் அது எப்படியும் முடிந்திருக்கும். ராஜினாமா செய்துவிட்டு மறுபடி பதவியேற்று இன்னோர் ஆறு மாதம் வாங்கும் வழியையும் அந்த ஆகஸ்ட் 17 அன்றுதான் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அமைச்சர் ஒருவர் தொடர்பான எஸ்.ஆர். சௌத்ரி வழக்கில் அடைத்திருந்தது. ஆக, நடைமுறையில் ஜெயலலிதா இழந்தது 53 நாட்கள். நாட்டுக்குக் கிடைத்தது ஒரு கோட்பாடு.

அப்புறம் டிசம்பர் 4. சென்னை உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. தங்க தமிழ்ச்செல்வன் விட்டுக்கொடுத்த ஆண்டிப்பட்டியில் 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. அதில் ஜெயித்து மார்ச் 2 அன்று மறுபடி முதல்வரானார். 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது. அமைச்சர்களுக்கான நடத்தை விதி, அரசுச் சொத்தை வாங்கக்கூடாது என்று சொன்னாலும், அதற்குச் சட்டத்தின் வலு இல்லை என்றது. கூடவே, நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுத்து, தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லிப் பரிகாரம் தேட வேண்டும் என்றும் எழுதியது.

இப்போது ஜெயலலிதாவின் இடத்தில் வேறு யாரையாவது வைத்துப் பாருங்கள். அவரைப் பிடிக்காதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2000 அக்டோபரில் குற்றவாளி. 2001 டிசம்பரில் நிரபராதி. இடையில் கிட்டத்தட்ட 14 மாதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல் அந்த இடைவெளியில் வந்து விழுந்தது. முன்தேதியிட்டுத் துடைக்கும் விடுதலை, கடந்துபோன தேர்தலைத் திருப்பிக் கொடுக்காது. 2001இல் அவரிடம் கட்சி இருந்தது, விட்டுக்கொடுக்கத் தொகுதி இருந்தது. ஒரு சாதாரண ஒன்றியக் கவுன்சிலருக்கு அப்படி எதுவும் இருக்காது.

அதனால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்டனை பெற்றவர், மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும், தேர்தலில் நிற்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஓர் அரசு ஊழியர் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றால் மேல்முறையீட்டு முடிவு வரை நாற்காலியில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். அவருடைய கோப்புக்குக் கையெழுத்திடும் அமைச்சருக்கு மட்டும் வேறு அளவுகோல் எப்படி? ஆனால் வாசலில் ஒருவரை நிறுத்தும் அரசு, அவர் முறையீட்டைத் தேர்தலுக்கு முன் கேட்டு முடிக்கவும் கடமைப்பட்டது. முதல் பாதியைச் சட்டமாக்கினோம். இரண்டாம் பாதியை நீதிமன்றத்தின் வசதிக்கு விட்டுவிட்டோம்.

2013க்குப் பிறகு

2001இல் சட்டத்துக்குள்ளேயே இரண்டு அளவுகோல் இருந்தது. 8(4) பிரிவின்படி, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் தண்டிக்கப்பட்டால் மூன்று மாத அவகாசம். அதற்குள் மேல்முறையீடு செய்தால் அது முடியும் வரை பதவி போகாது. வெளியிலிருப்பவர் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டாம். இந்தப் பாகுபாட்டைக் காட்டி ஜெயலலிதா தரப்பு வாதிட்டது நியாயமான வாதம்தான். அதற்கான தீர்வு எல்லாருக்கும் சலுகை தருவதல்ல என்பது 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் தெளிவானது. 8(4) செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர் ரஷீத் மசூத், மக்களவை உறுப்பினர் லாலு பிரசாத் யாதவ் ஆகியோர் பதவி இழந்தார்கள். 2014இல் தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் டி.எம். செல்வகணபதி. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தபோது, முதலமைச்சர் பதவியிலிருந்தபடியே தகுதியிழந்த முதல் நபரானார் ஜெயலலிதா.

சட்டம் கூர்மையானால், அது தவறான கழுத்திலும் இறங்கக்கூடும். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு அவதூறு வழக்கில் இரண்டு ஆண்டு விதித்தது. அந்தக் குற்றத்துக்கு அதுதான் உச்சபட்சத் தண்டனை. மறுநாளே எம்.பி. பதவி போனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்தபோது, உச்சபட்சத் தண்டனைக்குக் கீழ்நீதிமன்றம் காரணமே சொல்லவில்லை, ஒரு நாள் குறைந்திருந்தாலும் தகுதியிழப்பு வந்திருக்காது என்று சுட்டிக்காட்டியது. ஒரு மேடைப் பேச்சும் ஒரு நில ஊழலும் ஒரே தராசில் நிற்பதை நான் ஏற்கவில்லை. குற்றத்தின் தன்மையைப் பார்க்காமல் ஆண்டுகளை மட்டும் எண்ணும் 8(3) பிரிவு திருத்தப்பட வேண்டும். அவதூறு போன்ற வழக்குகளை அதிலிருந்து வெளியே எடுக்கலாம்.

2025 ஆகஸ்டில் மக்களவையில் வந்த 130ஆவது சாசனத் திருத்த மசோதா இன்னும் ஆபத்தான திசையில் போகிறது. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றச்சாட்டில் 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தாலே அமைச்சர் பதவி போகும் என்கிறது அது. கபூர் தீர்ப்பின் பலமே, ஒரு நீதிபதி சாட்சிகளைக் கேட்டு முடித்திருந்தார் என்பதுதான். கைது செய்வது போலீஸ்காரர் அல்லது அமலாக்கத் துறை அதிகாரி. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் கபூர் வழக்கிலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆளுநர் எந்தப் பக்கம் தவறலாம் என்பதற்கும் தமிழ்நாடே உதாரணமானது. 2001இல் தகுதியில்லாதவருக்கு ஆளுநர் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். 2024 மார்ச்சில் க. பொன்முடி மீதான குற்றத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகும், ஆளுநர் ஆர்.என். ரவி அவருக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைக்க மறுத்தார். உச்ச நீதிமன்றம் கண்டித்த மறுநாள், மார்ச் 22 அன்று, பொன்முடி அமைச்சரானார். அளவுகோல் ஒன்றுதான்: அந்த நாளில் அந்தத் தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா இல்லையா? இதில் ஆளுநரின் விருப்புவெறுப்புக்கு இடமேயில்லை.

தாமதம் எந்தப் பக்கமும் வெட்டும். டான்சியில் 14 மாதத் தாமதம் ஒருவரைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தியது. சொத்துக்குவிப்பு வழக்கில் நடந்தது தலைகீழ். 1996இல் தொடங்கிய அந்த வழக்கின் முதல் தீர்ப்பு 18 ஆண்டு கழித்து 2014இல் வந்தது. அதற்குள் ஜெயலலிதா மூன்று முறை முதல்வராகப் பதவியேற்றிருந்தார். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்ய, அந்த மாதமே மறுபடி முதல்வர். ஜூனில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வெற்றி. 2016 மே மாதம் பொதுத்தேர்தல் வெற்றி. கர்நாடக அரசின் மேல்முறையீட்டை விசாரித்து முடித்த உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஒத்திவைத்தது 2016 ஜூன் 7 அன்று, வாக்குப்பதிவு முடிந்து மூன்று வாரத்தில்.

அந்தத் தீர்ப்பு எட்டு மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 14 அன்று வந்தது. சசிகலா முதல்வராக அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆளுநர் அவரைப் பதவியேற்க அழைக்கவில்லை. பெங்களூரு நீதிமன்றம் சொன்ன எல்லாவற்றையும் உச்ச நீதிமன்றம் மீட்டு நிறுத்தியது. சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவரான ஜெயலலிதா 71 நாட்களுக்கு முன் இறந்துவிட்டிருந்தார். அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனதாகப் பதிவு செய்யப்பட்டது.